ஒரு ஒயரும் 151 பிராணிகளும்



மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். சோழர்களை ஏற்கெனவே ரெண்டு பேர் எடுத்துட்டாங்க. காலேஜ் சரித்திரத்தை பிரின்சிபால் எழுதறார். நீங்க வேற ஏதாவது பாருங்கண்ணா" என்றான். வேறு ஏதாவது என்று உட்கார்ந்து யோசித்ததில், எனக்கு ஒழுங்காகத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான் என்பது தெரிய வந்தது. அது ஒரு ஒயரின் சரித்திரம். இரண்டு விளையாட்டுப் பெட்டிகளை இணைக்கிற, பார்வைக்கு ரொம்பச் சாதாரணமான ஒயர். அதன் நடுவில் என் சொந்த நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

போக்கிமான் என்ற பெயரைச் சீனியர்கள் பேரன் பேத்திகள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். மஞ்சள் நிறத்தில் காது நீண்ட ஒரு எலியைப் பள்ளிக்கூடப் பையிலும் டிபன் பாக்ஸிலும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அந்த டி.வி. கார்ட்டூனை அல்ல. கார்ட்டூனுக்கு ஒரு வருஷம் முன்னால், 1996 பிப்ரவரி 27-ம் தேதி ஜப்பானில் வெளிவந்த கறுப்பு வெள்ளை விளையாட்டை. சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பு. ஒரு சின்னப் பையன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். புல்லில் நடந்தால் விதவிதமான பிராணிகள் குறுக்கே பாயும். நம்மிடம் உள்ள பிராணியை விட்டு அதைக் கொஞ்சம் அடித்துச் சோர்வாக்கி, ஒரு உருண்டையை எறிந்தால் உள்ளே அகப்பட்டுவிடும். வளர்த்தால் உருமாறும். சண்டை என்றால் சினிமாச் சண்டை இல்லை. சதுரங்கம் போல நீ ஒரு அடி, நான் ஒரு அடி. எட்டு ஊர் வாத்தியார்களை ஜெயித்து எட்டுப் பதக்கம் வாங்க வேண்டும். மொத்தம் 151 வகைப் பிராணிகள். அவ்வளவையும் பிடிக்க வேண்டும். அவ்ளோதான்.

அவ்ளோதான் என்றால் எதற்காக இத்தனை பேர் ராத்தூக்கம் கெட்டார்கள்? ஒரு காரணம், இந்த விளையாட்டு தன்னைப் பெரிய வீரகாவியம் என்று நினைத்துக்கொள்வதில்லை. ராட்சசர்களைப் பிடிக்கும் கதையில் தமாஷ்தான் அதிகம். மலையடிவாரத்தில் ஒருவன் 500 பணத்துக்கு ஒரு கெண்டை மீனை 'ரகசியமாக' விற்பான். வாங்கிப் பார்த்தால் அந்த மேஜிகார்ப்புக்குத் துள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. திரும்பிப் போய்க் கேட்டால் வாபஸ் கிடையாது என்பான். (பொறுமையாக 20-வது படி வரை வளர்த்தால் அதே மீன் ராட்சசக் கடல் பாம்பாகிவிடும். அது வேறு விஷயம். அது வரைக்கும் பொறுத்தவர்கள் எங்கள் ஹாஸ்டலில் மூன்று பேர்.) பெரிய கப்பலின் கேப்டனுக்குக் கடல் நோய்; முதுகைத் தடவிவிட வேண்டும். ஒரு ஊருக்குள் போகிற நாலு வழியிலும் காவலாளிகள் தொண்டை வறண்டு நிற்பார்கள். குடிக்க ஏதாவது வாங்கிக் கொடுக்காமல் ரோடு திறக்காது. இதை ஜப்பான்காரர்கள் கற்பனை செய்து எழுதியிருக்கிறார்கள் என்பதை என் ரூம்மேட் கடைசி வரை நம்பவில்லை.

பெயர்களிலும் குறும்பு. ஆங்கிலப் பதிப்பில் ஒரு பாம்புக்கு எகான்ஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து படித்தால் பாம்பு! ஒரு வாத்து வெங்காயத்தாளைச் சிறகில் இடுக்கிக்கொண்டு வரும். ஜப்பானியில் அதன் பெயர் கமோநெகி. கமோ வாத்து, நெகி வெங்காயத்தாள். வாத்து தானே வெங்காயத்தையும் தூக்கிக்கொண்டு வந்தால் சமையல் சுலபம் என்று அங்கே ஒரு பழமொழி. வலிய வந்து மாட்டிக்கொள்ளும் ஏமாளியைச் சொல்வார்கள். எங்கள் பேட்ச்சில் சிகரெட் கேட்டால் தீப்பெட்டியும் சேர்த்துக் கொடுக்கும் ஒருவனுக்கு அன்றிலிருந்து இந்தப் பெயர்தான். அவனும் இந்த மலரைப் படிப்பான். மன்னிச்சுக்கோடா.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

சதோஷி தஜிரி 1965-ல் பிறந்தவர். வளர்ந்தது மச்சிதா. டோக்கியோ நகரம் கை நீட்டித் தொட ஆரம்பித்திருந்த புறநகர். வயலும் குளமும் மரமும் இருந்த காலம். பையனுக்குப் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். கூட்டாளிகள் 'பூச்சி டாக்டர்' என்று கூப்பிடுவார்களாம். மற்றப் பிள்ளைகள் மரப்பட்டையில் தேனைத் தடவி வண்டு வரக் காத்திருப்பார்கள். இவர் மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டு வைப்பார். வண்டுகள் பகலில் கல்லுக்கு அடியில் தூங்கும் என்று கவனித்திருந்தார். காலையில் போய்க் கல்லைப் புரட்டினால் ஆள் அங்கே! பிற்காலத்தில் ஒரு பேட்டியில் இதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஊர் வளர்ந்தது. குளம் தூர்ந்தது. மீன் பிடித்த இடத்தில் வீடியோ கேம் கடை வந்தது. பூச்சி போன பிறகு பையனும் கேம் கடைக்குள் போனார். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் காலம். பள்ளிக்கூடம் இரண்டாம் பட்சம். டெக்னிக்கல் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். அப்பா மின்சாரக் கம்பெனியில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தார். நம்ம ஊரில் ஈ.பி. வேலை என்றால் எப்படியோ அப்படி. மாட்டேன் என்றுவிட்டார். இந்த இடத்தில் நம் கல்லூரி அப்பாக்கள் எல்லாருக்கும் அந்த அப்பாவின் முகம் தெரியும்.

1983-ல் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் கேம் ஃப்ரீக். பத்திரிகை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கையால் எழுதி, நகல் எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்த தாள்கள். எந்த விளையாட்டில் எங்கே என்ன சூட்சுமம் என்ற விவரங்கள். அதைக் கடையில் பார்த்துவிட்டு, நான் படம் போடுகிறேன் என்று வந்தவர் கென் சுகிமோரி. பின்னாளில் அந்த 151 பிராணிகளுக்கும் முகம் கொடுத்த ஓவியர். கொஞ்ச நாளில் இருவருக்கும் ஒரு எண்ணம். சந்தைக்கு வரும் விளையாட்டில் முக்கால்வாசி நன்றாக இல்லை. நாமே செய்தால் என்ன? தஜிரி விளையாட்டுப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொண்டார். 1989-ல் அவர்களுடைய முதல் கேம், க்வின்டி, வெளிவந்தது. பத்திரிகையின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று.

அதே 1989 ஏப்ரலில் நின்டென்டோ கேம் பாயை வெளியிட்டது. கையில் பிடிக்கிற பெட்டி, நாலு பென்சில் பாட்டரி, 160-க்கு 144 புள்ளி, நாலே நாலு பச்சை நிழல். நினைவகம் 8 கிலோபைட். இதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய் என்கிற இஞ்சினியர். அவருடைய கொள்கையை நம் டிபார்ட்மென்ட் வாசலில் எழுதி மாட்டலாம். புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. எல்லாரும் பழகித் தேய்த்து விலை மலிந்துபோன சரக்கை எடு, அதை யாரும் யோசிக்காத பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்து. போட்டிக் கம்பெனிகள் கலர் திரையோடு வந்தன. கலர் திரை பாட்டரியை டீ குடிக்கிற மாதிரி குடித்தது. கேம் பாய் ஜெயித்தது. உள்ளே இருந்த பிராசசர், நாம் லேபில் ஹெக்ஸ் கோடு தட்டித் தட்டி விரல் வீங்கிய 8085-க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இரண்டுக்கும் பாட்டன் 8080.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் செருகுவதுதான் நம் ஒயர்.

எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும், மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டினாலும் பாவமில்லை. ஆனால் தாண்டாதீர்கள், எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பிடித்த இடம் இதுதான். இரண்டு பெட்டியிலும் ஆளுக்கொரு 8 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒரு பெட்டி கடிகாரத் துடிப்பைத் தரும், மற்றது அதற்குத் தாளம் போடும். ஒவ்வொரு துடிப்புக்கும் இங்கிருந்து ஒரு பிட் வெளியே போகும்; போன இடத்தில் அங்கிருந்து ஒரு பிட் வந்து உட்காரும். எட்டுத் துடிப்பு முடிந்ததும் இரண்டு பேரின் பைட்டும் முழுசாக இடம் மாறியிருக்கும். நொடிக்கு 8192 பிட், அதாவது ஒரு கிலோபைட். இந்த ஒயரில் சும்மா 'அனுப்புவது' என்று ஒன்று கிடையாது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்று கைக்கு வந்தே தீரும். எதிராளியிடம் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால்கூட ஏதோ ஒரு எண் வந்து சேரும். சர்க்யூட்டிலேயே பண்டமாற்று!

இப்படி ஒரு ஒயரை வைத்துக்கொண்டு அந்த நாளில் மக்கள் என்ன செய்தார்கள் என்றால், சண்டை போட்டார்கள். டெட்ரிஸில் நான் வரிசைகளை முடித்தால் எதிராளி பக்கம் குப்பை ஏறும். வெட்டுகிற கத்தியாகத்தான் ஒயர் இருந்தது.

தஜிரிக்கு வேறு ஒரு ஞாபகம். 1987-ல் டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. அதில் மாயத் தொப்பி ஒன்று, லேசில் கிடைக்காது. சுகிமோரிக்கு அது இரண்டு கிடைத்தது. தஜிரிக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டில் ஒன்றை நண்பன் கொடுக்கத் தயார்தான். கொடுக்க வழி? அவன் பெட்டி வேறு, என் பெட்டி வேறு. ஹாஸ்டலில் இருந்த எவருக்கும் இந்த வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை. கேம் பாய் ஒயரைப் பார்த்தபோது தஜிரிக்கு அதில் பூச்சி ஊர்ந்து போவது போலத் தோன்றியதாம். உயிருள்ள ஒன்று இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு. மச்சிதாவில் தூர்ந்துபோன குளமும் கைக்கு எட்டாத தொப்பியும் அந்த இடத்தில் ஒன்று சேர்ந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

1990-ல் 'கேப்ஸ்யூல் மான்ஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்து நின்டென்டோவிடம் கொண்டுபோனார்கள். அந்தப் பெயரைப் பதிவு செய்ய முடியாமல் போய், பின்னால் அது பாக்கெட் மான்ஸ்டர்ஸ் ஆயிற்று. அதன் சுருக்கம்தான் போக்கிமான். ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்கிற நினைப்பு எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொது. இது ஆறு வருஷம் இழுத்தது. நடுநடுவே வயிற்றுப்பாட்டுக்கு வேறு கம்பெனி விளையாட்டுக்களைச் செய்து கொடுத்தார்கள். காசு வற்றியது. ஐந்து பேர் வேலையை விட்டுப் போனார்கள். தஜிரி சம்பளம் எடுத்துக்கொள்ளாமல், எந்த அப்பாவின் ஈ.பி. வேலையை வேண்டாம் என்றாரோ அதே அப்பாவின் தயவில் சாப்பிட்டார். கிரியேச்சர்ஸ் என்ற கம்பெனி பணம் போட்டு, பதிலுக்கு உரிமையில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பங்கின் பிற்கால மதிப்பை நினைத்தால் நம் எம்.பி.ஏ. நண்பர்கள் சில பேருக்கு இன்று ராத்திரி தூக்கம் வராது.

நாலாவது வருஷம் இன்னொரு அடி. மொத்த வேலையும் சன் ஸ்பார்க் ஸ்டேஷன் என்ற யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் நடந்துகொண்டிருந்தது. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும் வகை. ஒருநாள் படுத்தது, எழுந்திருக்கவில்லை. பிராணிகள், வரைபடம், கதாநாயகன், எல்லாம் அதற்குள். இது திரும்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலை. பாட்டுக்கு மெட்டும் போட்டு புரோகிராமும் எழுதிய ஜுனிச்சி மசுதா, தான் முன்னால் வேலை பார்த்த கம்பெனிக்குப் போன் போட்டார். மோடம் வழி ஜப்பானில் அப்போது ஓடிக்கொண்டிருந்த நிஃப்டி சர்வ் என்ற சேவையில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டார். ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினார். கடைசியில் மீட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆறு வருஷத்தில் ஒயர் மட்டும் அவர்கள் மனசிலிருந்து நகரவில்லை. விளையாட்டின் ஒவ்வொரு மூலையும் அதை நோக்கியே திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பதிப்பு ஏன்? மாரியோவைப் படைத்த மியாமோட்டோ கொடுத்த யோசனை அது. சிவப்பில் இருக்கும் சில பிராணிகள் மற்றதில் கிடையாது, மற்றதில் இருப்பவை சிவப்பில் கிடையாது. ஆங்கிலத்தில் வந்த சிவப்பு, நீலம் பதிப்புகளில் பக்கத்துக்கு 11. தனி ஆளாக எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் 151-ஐ எட்ட முடியாது. ஒரு சக மனுஷனைத் தேடிப் போய், ஒயர் தூரத்தில் உட்கார்ந்து, உன்னிடம் இது இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாலு பிராணிகள், கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹான்டர், எத்தனை வளர்த்தாலும் கடைசி உருவத்தை எட்டாது. இன்னொருவருக்குக் கைமாறினால் போன இடத்தில் உருமாறும். எனக்கு வேண்டும் என்றால் நான் முதலில் அதை உன்னிடம் விட்டுவிட வேண்டும், நீ திருப்பித் தருவாய் என்று நம்ப வேண்டும். பத்து வயசுப் பிள்ளைகளுக்கு இதை வைத்தார்கள்!

கைமாறிய பிராணிக்கு விதிகளும் தனி. அது பிடித்தவனின் பெயரையும் எண்ணையும் சுமந்துகொண்டே வரும். புது இடத்தில் ஒன்றரை மடங்கு வேகமாகத் தேறும். ஆனால் புது எஜமானிடம் போதிய பதக்கம் இல்லை என்றால் பேச்சைக் கேட்காது. சண்டைக்கு நடுவே படுத்துத் தூங்கும். அதற்கு வைத்த செல்லப் பெயரை மாற்றவும் முடியாது. லாவண்டர் என்ற ஊரில் பெயர் மாற்றித் தரும் பெரியவர் ஒருவர் உண்டு. இது வேறொருவன் வைத்த பெயர், நான் தொட மாட்டேன் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த விதியைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் வெளிவந்தபோது கேம் பாய்க்கு வயசாகிவிட்டது என்று உலகம் முடிவு கட்டியிருந்தது. பெரிய பரபரப்பு இல்லை. ஆனால் அட்டையில் 150 என்று சொன்ன விளையாட்டுக்குள் 151-வது ஒன்று பதுங்கியிருந்தது. ஷிகேகி மொரிமோட்டோ என்ற புரோகிராமர் செய்த வேலை. சோதனைக்கு வைத்திருந்த பகுதிகளை நீக்கியபோது 300 பைட் போல இடம் கிடைத்தது. இனி யாரும் கை வைக்கக் கூடாது என்ற கட்டத்தில் அந்த இடத்தில் மியூ என்ற பிராணியை வைத்துவிட்டார். நம்மில் யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும். மியூவைப் பற்றி வதந்தி பரவியது. கோரோகோரோ என்ற சிறுவர் பத்திரிகை, 20 பேருக்கு மியூ தருகிறோம் என்று அறிவித்தது. 78,000 பேர் விண்ணப்பித்தார்கள்! விற்பனை அதன் பிறகு இறங்கவே இல்லை. முதல் பதிப்புகள் மட்டும் உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல் விற்றன. யோகோய் இதன் முழு வீச்சைப் பார்க்கவில்லை. 1996-ல் நின்டென்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்துபோனார்.

1998 செப்டம்பரில் அமெரிக்காவுக்குப் போனது. மொழிபெயர்ப்பு என்றால் சும்மா இல்லை. ஜப்பானியில் ஐந்து எழுத்தில் முடிந்த பெயர் ஆங்கிலத்தில் பத்து எழுத்து கேட்டது. 512 கிலோபைட் அட்டை ஒரு மெகாபைட் ஆயிற்று. இந்த வேலைக்காக கேம் ஃப்ரீக்கின் மூல நிரலைப் படித்து வழி சொன்னவர், அப்போது ஹால் என்ற வேறொரு கம்பெனியின் தலைவராக இருந்த சதோரு இவாட்டா. குறிப்புப் புத்தகம் எதுவும் கிடையாது. சண்டை நடத்தும் பகுதி முழுவதையும் படித்து, வேறு மெஷினுக்கு ஒரே வாரத்தில் மாற்றிக் கொடுத்தார். இந்த ஆள் கம்பெனித் தலைவரா, புரோகிராமரா என்று மொரிமோட்டோ அசந்துபோனாராம். 2002-ல் நின்டென்டோவுக்கே தலைவரான இவாட்டா 2015-ல் காலமானார். மேலாளர் ஆனதும் கோடு எழுதுவதை விட்டுவிட்ட என் போன்றவர்கள் அவர் படத்தைப் பார்த்தால் தலை குனிவோம்.

அந்த ஆங்கிலப் பதிப்பில் ஒரு புகழ்பெற்ற ஓட்டையும் உண்டு. ஒரு கிழவர் பிராணி பிடிக்கக் கற்றுத் தருவார். அந்த நேரம் திரையில் அவர் பெயர் வர வேண்டும் என்பதால், விளையாடுபவரின் பெயரை எடுத்து வேறு ஒரு இடத்தில் தற்காலிகமாக வைக்கிறார்கள். எந்த இடம்? புல்லில் எந்தப் பிராணி வரும் என்ற பட்டியலுக்கான இடம். அடுத்த ஊர்ப் புல்லை மிதித்தால் அது சரியாகிவிடும். ஆனால் நேரே பறந்து ஒரு தீவுக்குப் போய், அங்கே கிழக்குக் கரை ஓரமாக நீந்தினால், அந்தத் தண்ணீருக்குப் புல் பட்டியலைப் பார்க்கும் கோளாறு. விளைவு, உங்கள் பெயரின் எழுத்துக்களே பிராணிகளாக வரும்! உள்ளே 190 இடங்கள், அவற்றில் 151-க்குத்தான் ஆள் உண்டு. மிச்சம் 39 காலி. காலி எண் வந்தால் கலைந்துபோன சதுரக் குவியலாக 'மிஸ்ஸிங் நோ' தோன்றும். அதைப் பார்த்தாலே பையில் ஆறாவதாக வைத்த பொருள் 128 கூடிவிடும். இந்த மாதிரி மெஸ்ஸில் ஒரு கரண்டி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் ஏங்கியதுண்டு.

எங்களுக்கு இது வந்து சேர்ந்தது 2009-ல், மூன்றாம் வருஷம். கேம் பாயை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரையே கேம் பாயாக நடிக்க வைக்கும் எமுலேட்டர் ஒன்று பென் டிரைவில் வந்தது. (காப்புரிமைக்காரர்கள் மன்னிக்க. வேலைக்குப் போன பிறகு காசு கொடுத்து வாங்கிப் பாவத்தைத் தீர்த்தேன்.) அதில் இரண்டு ஜன்னலைத் திறந்து நடுவில் ஒயர் இருப்பதாகப் பாவனை செய்யலாம். எனக்குச் சிவப்பு, எதிர் ரூம் எலெக்ட்ரிகல் நண்பனுக்கு நீலம். ஒரே கீபோர்டு. இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான், முழங்கை இடிக்க.

என்னிடம் ஒரு ஹான்டர். பேய் வகை. மாசக் கடைசியில் வந்து மிரட்டுவதால் 'மெஸ்பில்' என்று பெயர் வைத்திருந்தேன். அவனிடம் ஒரு மச்சோக், பயில்வான் வகை. பெயர் 'வார்டன்'. இரண்டும் கைமாறினால்தான் முழு உருவம் எடுக்கும் ஜாதி. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்து பேர் சுற்றி நின்றார்கள். திரையில் ஒயர் வழியாக உருண்டை ஊர்ந்து போகிற படம் வருகிறது. தஜிரி பார்த்த அதே பூச்சி! என் பக்கம் வார்டன் வந்து, நாலு கையோடு மச்சாம்ப் ஆனார். கைதட்டல்.

கரண்ட் போயிற்று.

தமிழ்நாட்டில் அந்த வருஷங்களில் படித்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். யு.பி.எஸ். கிடையாது. கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தோம். என் கோப்பு டிஸ்கில் பதிவாகியிருந்தது, அவனுடையது பதிவாகவில்லை. அதாவது என்னிடம் வார்டன் இருக்கிறார். அவனிடமும் பழைய வார்டன் இருக்கிறார். (ஒரே வார்டன் ஒரே சமயத்தில் இரண்டு ரூமில் இருப்பது எங்கள் ஹாஸ்டலுக்குப் புதிதல்ல.) மெஸ்பில் எங்கேயும் இல்லை. அசல் கேம் பாயிலும் சரியான நொடியில் பவரை நிறுத்தினால் இதே கூத்து நடக்கும் என்பது பிறகு தெரிந்தது. டேட்டாபேஸ் வகுப்பில் ட்ரான்ஸாக்‌ஷன் என்றால் ஒன்று முழுசாக நடக்க வேண்டும், இல்லை நடக்கவே கூடாது என்று மேடம் பேங்க் கணக்கை வைத்துப் பல தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

"எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லையே மச்சான்" என்றான் அவன். சிரித்துக்கொண்டு சொன்னான். அதுதான் தப்பாகப் போயிற்று. மெஸ்பில்லை நான் எத்தனை ராத்திரி வளர்த்தேன் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வாரம் பேசவில்லை. எதிரெதிர் ரூம். ஒரே மெஸ். ஒரு பிராணியின் விவரம் மொத்தம் 44 பைட். அதற்காக இரண்டு வாரம்.

மூன்றாவது வாரம், ஸ்டடி லீவில், ராத்திரி கதவைத் தட்டினான். "உட்காருடா. ஜன்னலைத் திற" என்றான். மறுநாள் பேப்பர். திறந்தேன். லாவண்டரில் ஒரு கல்லறைக் கோபுரம் உண்டு. அங்கே ஏறி, ஒரு குட்டிப் பேயைப் பிடித்து, 25-வது படி வரை வளர்த்து ஹான்டராக்கிக் கொண்டுவந்திருந்தான். எனக்குத் தெரிந்து அவன் அந்த விளையாட்டில் அத்தனை பொறுமையாக எதையும் வளர்த்ததில்லை. பதிலுக்கு நான் ஒரு மேஜிகார்ப் கொடுத்தேன். ஒயர் சும்மா வாங்கிக்கொள்ள விடாது அல்லவா? பேய் இந்தப் பக்கம் வந்து முழு உருவம் எடுத்தது. பெயரைப் பார்த்தேன். 'மெஸ்பில்' என்று ஆங்கிலத்தில் எழுதியதில் கடைசியில் ஒரு 'எல்' குறைந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. லாவண்டர் பெரியவரிடம் ரகசியமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது. எனக்குப் பதக்கம் போதாத காரணத்தால் 30-ஐத் தாண்டியதும் பேய் என் பேச்சையும் கேட்கவில்லை. அவனே ரூமுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்தக் கோப்பு அதற்கப்புறம் இரண்டு பென் டிரைவ், மூன்று லாப்டாப் மாறி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. உலகம் எங்கேயோ போய்விட்டது. 2004-லேயே போக்கிமானில் ஒயர் போய் வயர்லெஸ் வந்தது. 2006 முதல் முகம் தெரியாத அயல்நாட்டுக்காரனோடு மாற்றிக்கொள்ள முடிந்தது. என் பெண் அதைத்தான் வழக்கம் என்று நினைக்கிறாள். போன வாரம் பழைய கோப்பைத் திறந்து காட்டினேன். "அப்பா, ஸ்பெல்லிங் தப்பு" என்றாள்.

பெயரைத் திருத்த விதிப்படி ஒரே வழிதான் உண்டு. பேய் அவனிடம் திரும்பிப் போக வேண்டும். அவன் லாவண்டருக்கு எடுத்துப் போய், அவன் வைத்த பெயரை அவனே திருத்தி, என்னிடம் திருப்பி அனுப்ப வேண்டும். நீலக் கோப்பை அவன் பத்திரமாக வைத்திருக்கிறானா என்று தெரியாது. இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தாலும் அவன் எண் மாறிவிடும், பெரியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே இந்தக் கட்டுரையின் மிச்சம் ஒரே ஒரு வாசகருக்கு:

டேய், ரீயூனியனுக்கு நீ வருவதாக லிஸ்ட்டில் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஹாஸ்டல் பின்பக்கம் வா. ஒரு எல் பாக்கி இருக்கிறது. லாப்டாப் நான் கொண்டுவருகிறேன். பாட்டரி ஃபுல்லாக இருக்கும்.